குரலுக்குக் கிடைத்த உத்தியோகம்

தேனாம்பேட்டையில் அண்ணா சாலையை விட்டு உள்ளே திரும்பி, ஒரு மருந்துக் கடைக்குப் பக்கத்து மாடிப்படியில் ஏறினால் எங்கள் சங்கத்தின் அறை. நீளமாக ஒரு மேஜை, கொஞ்சம் மடக்கு நாற்காலிகள், மூலையில் ஒரு மைக். அன்று வியாழக்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும். ஜன்னலுக்குக் கீழே பஸ்கள் உறுமிக்கொண்டிருந்தன.

மைக்குக்கு முன்னால் தனம்மா நின்றுகொண்டிருந்தார். ஊரூர் குப்பத்துக்காரர். அடையாறில் எங்கள் தெருவில் தினமும் மீன் விற்பவர். அன்றைக்குக் கூடை இல்லை. இஸ்திரி போட்ட மாம்பழ நிறச் சேலை, தலை நிறைய மல்லிகை.

“மீனு வாசன வந்துரப் போவுதுன்னு ரெண்டு வாட்டி சோப்பு போட்டுக் குளிச்சேன், டீச்சரம்மா” என்று படியேறும்போது என் காதில் சொல்லியிருந்தார்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். பின்னணிக் குரல் கொடுக்க உறுப்பினர் அட்டை கேட்டு வருபவர்களைச் சோதித்துப் பார்ப்பவர்கள். நடுவில் இருந்த கோமளா அம்மா ஒரு தாளை நீட்டினார்.

“இதைப் படிங்க.”

தனம்மா வாங்கினார். பார்த்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். அப்புறம் பத்திரமாக அதை மேஜை மேல் திரும்ப வைத்தார்.

“எனக்குப் படிக்க வராதும்மா” என்றார்.

இடது பக்கம் இருந்தவர் பேனாவை மூடிவிட்டார். அந்தச் சின்னச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நான் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு தாளில்தான் பதினொரு பேருடைய ஒரு வருஷ வேலை நின்றுகொண்டிருந்தது. என் வேலையும் அதில் சேர்த்தி.

தொழில் என்ற கட்டம்

மீன் விற்கும் பெண்மணிக்கு அந்த அறையில் என்ன வேலை, எனக்குத்தான் அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மரத்துக்கு மரம், மொட்டை மாடிக்கு மொட்டை மாடி கறுப்புக் கேபிள் ஒயர் தொங்கத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒரு புதுச் சேனல் வந்த மாதிரி இருந்தது. காலையிலிருந்து இரவு வரை அத்தனை சேனல்களும் எதையாவது காட்டியாக வேண்டும். அதில் பேசுகிறவர்கள் எல்லோரும் தமிழில் பேசியாக வேண்டும்.

அதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் கலை என்பது சாயங்கால விஷயம். மயிலாப்பூர் சபாக்களில் நாடகம் போட்டவர்களை எனக்குத் தெரியும். பகலில் பாங்கில், டெலிபோன் ஆபீசில், ரயில்வேயில் இருப்பார்கள். ஐந்தரை மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடி வந்து மீசை ஒட்டிக்கொள்வார்கள். நாடகத்தை மட்டும் நம்பி இருந்தவர்களுக்குப் பெண் கொடுக்க யோசித்த காலம்.

நாலைந்து வருஷத்துக்குள் அது அப்படியே புரண்டது. காலை ஒன்பது மணிக்கு டிபன் பாக்ஸோடு கலைக்குப் போகிற கூட்டம் ஒன்று தி. நகர் பஸ்களில் தோன்றியது. சீரியலுக்குக் கதை பேசுகிறவர்கள், கம்ப்யூட்டரில் டைட்டில் எழுதுகிறவர்கள், போன காட்சியில் கதாநாயகி எந்த வளையல் போட்டிருந்தாள் என்று நோட்டில் குறித்து வைக்கிறவர்கள். பல வேலைகளுக்குப் பெயரே வைத்திருக்கவில்லை.

என் வேலைக்கும் இல்லை. கேஸ் இணைப்புக்கு மனு எழுதும்போது ‘தொழில்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் என் பேனா நிற்கும். அம்மா எட்டிப் பார்த்து, “டீச்சர்னு எழுது, பிலோ” என்பார். நான் பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

உதடு மூடும் இடம்

சாந்தோமில் பிறந்து வளர்ந்தவள் நான். என் அம்மா அங்கே கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் முப்பது வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்தவர். நான் தமிழ் படித்தேன். பக்கத்து வீட்டுப் பெண்களோடு சேர்ந்து பொழுதுபோக்காக இந்திப் பரீட்சைகளும் எழுதி வைத்தேன். அம்மாவின் பள்ளியிலேயே லீவில் போன ஆசிரியைகளுக்குப் பதிலாக மூன்று வருஷம் வேலை பார்த்தேன். லீவில் போனவர்கள் திரும்பி வந்தார்கள். நான் வெளியே வந்தேன்.

அப்போதுதான் ரங்கன் சாரின் ஸ்டூடியோவில் இந்தியும் தமிழும் தெரிந்த ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். பனகல் பூங்காவுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இரண்டு அறை. சுவரெல்லாம் தென்னை நார்ப் பலகை, தரையில் மூன்று அடுக்குக்கு ஜமக்காளம். ரங்கன் சார் மயிலாப்பூர் மாட வீதிக்காரர். சினிமா ஒலிப்பதிவில் உதவியாளராக இருந்துவிட்டுச் சொந்தமாகத் தொடங்கியவர். பக்கத்துச் சந்தில் ஒரு கல்யாண மண்டபம் இருந்ததால், காலண்டரில் முகூர்த்த நாட்களைச் சிவப்பு மையால் சுழித்து வைத்திருப்பார். அன்றைக்குத் தாலி கட்டி முடிகிற வரை ரெக்கார்டிங் கிடையாது.

இந்தி சீரியலின் வசனத்தைத் தமிழில் எழுதுவது என் வேலை. அர்த்தம் வந்தால் மட்டும் போதாது. திரையில் நடிகையின் உதடு மூடுகிற இடத்தில் தமிழிலும் ப, ம என்று உதடு மூடும் எழுத்து வர வேண்டும். அவள் ‘தும்’ என்று முடித்தால் நான் ‘நீயும்’ என்றோ ‘போதும்’ என்றோ முடிக்க வேண்டும். எங்கள் பாஷையில் அதற்கு ‘லிப் உட்காருவது’ என்று பெயர். பஸ்ஸில் போகும்போதுகூட எதிரே பேசுகிறவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு அம்மாள் என்னை முறைத்துவிட்டு இடம் மாறி உட்கார்ந்தார்.

இன்னொரு சங்கதியும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். கஞ்சி போட்ட பருத்திச் சேலை மைக்குக்கு எதிரி. திரும்பினால் சரசரக்கும். எங்கள் பெண்கள் எல்லோரும் இருப்பதிலேயே பழைய, துவண்ட சேலையில் வருவார்கள். மகாராணிக்குக் குரல் கொடுப்பவர் கிழிசலைத் தைத்த, மெல்லிய வாயில் துணிச் சேலையில் நிற்பார். அதைப் பார்க்க எனக்கு எப்போதும் பிடிக்கும்.

“படகுக்காரி மட்டும் பொய்”

அதுவரை எங்களுக்கு வந்தது எல்லாம் துண்டு துக்காணி வேலை. ஒரு வாரம் இருக்கும், இரண்டு வாரம் இருக்காது. அந்த நேரத்தில் மும்பையிலிருந்து ஒரு சேனல் பெரிய சீரியல் ஒன்றைத் தமிழில் கொண்டுவர நினைத்தது. ஆற்றங்கரையில் ஒரு படகுக்காரி, வெள்ளத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள், தனியாக நின்று பிள்ளைகளை வளர்க்கிற கதை. வாரம் இரண்டாக நூறு பாகத்துக்கு மேல் வரும். முதல் பாகத்தை மாதிரிக்குச் செய்து அனுப்பச் சொன்னார்கள். பிடித்தால் எங்களுக்கு. பிடிக்காவிட்டால் மும்பையிலேயே வேறு ஒருவருக்கு.

படகுக்காரிக்குக் கோமளா அம்மா குரல் கொடுத்தார். இருபது வருஷம் சபா மேடையை ஆண்டவர். கணீரென்ற குரல். பிசிறே இல்லாமல் செய்து கொடுத்தார். நாங்களும் நிம்மதியாக அனுப்பினோம்.

திங்கட்கிழமை போன் வந்தது. அந்தச் சேனல் அதிகாரி மும்பை மாட்டுங்காவில் வளர்ந்த தமிழர். போனை ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் நாங்கள் எல்லோருமே கேட்டோம்.

“எல்லாம் நல்லா இருக்கு சார். அந்தப் படகுக்காரி மட்டும் பொய். வேற பண்ணி சனிக்கிழமை ஃபிளைட்ல அனுப்புங்கோ. அதுக்கு மேல எனக்கு டைம் இல்லை.”

கோமளா அம்மா அங்கேயேதான் இருந்தார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. ரங்கன் சார் அந்தக் காட்சியை மறுபடியும் ஓடவிட்டார். வெள்ளத்தில் புருஷனின் படகு போய்க்கொண்டிருக்கிறது. கரையில் ஓடிக்கொண்டே அவள் கத்துகிறாள்.

ரங்கன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அவ வெள்ளத்துல போறவனைக் கூப்பிட்டுண்டு ஓடறா. நம்ம குரல் இந்த ரூமைத் தாண்டலை.”

“சரிதான். என் குரல் கடைசி வரிசை நாற்காலி வரைக்கும் போகப் பழகினது. ஆத்தைத் தாண்டினதில்ல” என்றார் கோமளா அம்மா. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று, “வேற ஆளைப் பாருங்க ரங்கன். என்னை வெச்சு யோசிக்காதீங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

செவ்வாய் முழுக்க மூன்று பேரை வைத்துப் பார்த்தோம். ஒன்றும் உட்காரவில்லை.

அதே செவ்வாய்க்கிழமை இரவு, அம்மா சாந்தோமிலிருந்து பஸ் பிடித்து வந்து என் வீட்டு வாசலில் நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. பள்ளியில் தமிழாசிரியை இடம் காலியாகியிருக்கிறது. நிரந்தரம். தலைமை சிஸ்டரே என்னைக் கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“பெர்மனென்ட், பிலோ. பென்ஷன் வரைக்கும் யோசிக்க வேணாம்” என்றார் அம்மா. நான் காபி போட உள்ளே போனேன். அடுப்பைப் பற்ற வைக்காமல் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

ஆற்றில் முழுகியவன்

புதன்கிழமை காலை. வசனத் தாளை வைத்துக்கொண்டு வாசல் கேட்டில் சாய்ந்திருந்தேன். தெருக் கோடியிலிருந்து தனம்மாவின் குரல் வந்தது. “மீனேய்… வஞ்சரம், சங்கரா, நெத்திலியேய்…” அவர் இன்னும் கண்ணில் படவில்லை. நடுவில் இரண்டு திருப்பம் இருந்தது. அந்தக் குரல் இரண்டையும் தாண்டி வந்து எங்கள் கேட்டைத் தொட்டது.

தினமும் கேட்கிற குரல்தான். அன்றைக்குத்தான் கேட்டேன்.

அவர் கூடையை இறக்குவதற்குள் விஷயத்தைக் கொட்டிவிட்டேன். தனம்மா தலைச் சும்மாட்டை உதறிக்கொண்டே கேட்டார். “டிவில பேசுறதா? நானா? இன்னா டீச்சரம்மா, காலீல ஆள வெச்சி கலாய்க்கிற?”

“ஒரு தடவை வந்து பேசிப் பாருங்க தனம்மா. சரியா வரலைன்னா விட்டுடலாம்.”

“மீனு வித்துட்டு வர்றேன். கெட்டுப் பூடும்ல” என்றார். சொன்னபடியே பதினொரு மணிக்குக் காலிக் கூடையோடு வந்துவிட்டார். ஆட்டோவில் தி. நகர் போனோம்.

ரங்கன் சார் மரியாதையாக எழுந்து நின்று வழக்கம் போல விசாரித்தார். “வாங்கோ. ஆத்துல எல்லாரும் சௌக்கியமா?”

தனம்மா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “ஆத்துல ஒர்த்தன் முழுவிட்டான்னுதான சார் என்னியக் கூட்டிக்கினு வந்துக்கீறாங்க!”

ரங்கன் சார் சிரித்து அடங்க இரண்டு நிமிஷம் ஆனது. அந்தச் சிரிப்பிலேயே பாதி பயம் போய்விட்டது.

கண்ணாடி வளையல்கள் சத்தம் போடாமலிருக்கத் துண்டைச் சுற்றினோம். ஹெட்போனை மாட்டினோம். முதல் தடவை அவர் வாயைத் திறந்ததும் மீட்டரின் முள் சிவப்புக் கோட்டில் போய் இடித்துக்கொண்டு நின்றது. ரங்கன் சார் தன் ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டார். தனம்மாவை மைக்கிலிருந்து ஆறடி தள்ளி, கதவோரம் நிறுத்தினார். தாள் இல்லாமல், நான் வரியைச் சொல்லச் சொல்ல அவர் திருப்பிச் சொன்னார். ஒரு முறை கேட்டால் போதும். மறுபடி சொல்ல வேண்டி வரவேயில்லை.

ஆனால் அந்த முக்கியமான இடம் வந்ததும் நிறுத்திவிட்டார்.

“இரு டீச்சரம்மா. இந்தப் பொம்பள அவன் முழுவுறதக் கண்ணால பாக்குதா, இல்ல போயிட்டான்னு சேதி கேட்டுச்சா?”

“கண்ணால பார்க்கறா. படகு இன்னும் தெரியுது.”

“அப்ப இன்னாத்துக்கு ‘என்னங்க, என்னங்க’ன்னு கூப்புடுது?”

நான் விளக்கினேன். இந்தியில் அவள் புருஷனின் பெயரைச் சொல்லி ‘மாதோ’ என்று கத்துகிறாள். தமிழ்ப் பெண் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள் என்று நான்தான் ‘என்னங்க’ என்று மாற்றியிருந்தேன்.

தனம்மா திரையில் உறைந்து நின்ற அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கூட்டுக்காரு ஒருவாட்டி பொயல்ல மாட்டிக்கினாரு. ரெண்டு நாளு. கரையிலயே நின்னுக்கினு இருந்தேன். அன்னிக்கி நான் அழுவல டீச்சரம்மா. ஏழுமல, ஏழுமலன்னு பேரச் சொல்லிக் கூப்ட்டுக்கினே இருந்தேன். அதுக்கு முன்ன ஒரு நாளும் அவரு பேர என் வாயால சொன்னதில்ல. அதுக்கப்பறமும் சொல்லல.” சற்று நிறுத்திவிட்டு, “வந்துட்டாரு” என்றார்.

நான் தாளில் ‘என்னங்க’வை அடித்தேன். ‘மாதவா’ என்று எழுதினேன். ம-வில் உதடு மூடும், வா-வில் விரியும். இரண்டு வருஷமாக உதடுகளை எண்ணிக்கொண்டிருந்த எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும்.

ரங்கன் சார் டேப்பை ஓட்டினார். கதவோரத்திலிருந்து தனம்மா கூப்பிட்டார்.

“மாதவா…!”

திரையில் அந்தப் பெண்ணின் வாயிலிருந்தே அது வந்தது. ரங்கன் சார் டேப்பை நிறுத்தக்கூட மறந்துவிட்டார். அது ஓடி முடிந்து படபடவென்று அடித்துக்கொண்டது.

அட்டை வேண்டும்

“கார்டு இல்லாத குரலை நான் அனுப்ப மாட்டேன்” என்றார் ரங்கன் சார் கொஞ்ச நேரம் கழித்து. “நாளைக்கு நம்மவாளுக்கே அது ஆபத்து.”

அவர் சொன்னது நியாயம். வேலை பெருகப் பெருக, போகிற வருகிறவர்களை எல்லாம் மைக் முன்னால் நிறுத்தி, குரலை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடும் இடங்களும் முளைத்திருந்தன. அதைத் தடுக்கத்தான் சங்கம். மறுநாள் வியாழக்கிழமை சோதனை நாள். சோதிக்கிறவர்களில் மூத்தவர் கோமளா அம்மா. எந்த வேஷத்தை விட்டுவிட்டுப் போனாரோ, அதே வேஷத்துக்கு வருகிறவரை அவர்தான் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும்.

நானே போன் செய்தேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

“கூட்டிட்டு வா. ஆனா ஒண்ணு, பிலோமினா. எனக்கு எப்படிக் கேள்வி கேட்டாங்களோ, அதே மாதிரிதான் நானும் கேட்பேன். பாவம்னு விட மாட்டேன்.”

மறுபடியும் அந்த அறை

பேனா மூடிய சத்தத்தில் விட்டேன் இல்லையா? அங்கே வருகிறேன்.

“எழுதப் படிக்கத் தெரியாதவங்களை எப்படிங்க எடுத்துக்கறது? ஒரு நாளைக்கு இருபது சீன் போகும்” என்றார் பேனாக்காரர்.

தனம்மா அவரைப் பார்த்து, “நீங்க படிங்க சார். நான் கேட்டுக்கிறேன். ஒரு வாட்டி போதும்” என்றார்.

கோமளா அம்மா தாளை எடுத்தார். நல்ல கடினமான பக்கமாகத்தான் தேர்ந்தெடுத்திருந்தார். மகனைப் போருக்கு அனுப்பிவிட்டுச் சபையில் பேசும் ஒரு ராணியின் வசனம். முழுச் செந்தமிழ். ‘அமைச்சரே, இந்த அரியணையின் கைப்பிடியைப் பற்றியிருக்கும் விரல்கள்தாம் அவன் வாளையும் எடுத்துக் கொடுத்தன’ என்று தொடங்கி அரைப் பக்கத்துக்கு மூச்சு விடாமல் போகும். நடுவில் கோமளா அம்மாவுக்கு இருமல் வந்தது. இருமிவிட்டுத் தொடர்ந்தார். தனம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

முடிந்தது. தனம்மா கண்ணைத் திறந்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“அமைச்சரே…”

ஒரு சொல் விடவில்லை. கோமளா அம்மாவின் ஏற்ற இறக்கம், அவர் மூச்சு வாங்கின இடம், எல்லாம் வந்தது. நடுவில் அந்த இருமலும் வந்தது. அதே இரண்டு இருமல். மேஜைக்குப் பின்னாலிருந்த மூன்றாவது ஆள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பேனாக்காரரும் சிரித்துவிட்டார்.

கோமளா அம்மா சிரிக்கவில்லை.

“இது நான் பேசினது. எனக்கு உங்க ராணி வேணும். இருமல் வேண்டாம், என் குரலும் வேண்டாம். உங்க பிள்ளை சண்டைக்குப் போயிருக்கான். நீங்க அழக் கூடாது, சபை பார்த்துக்கிட்டு இருக்கு. இப்போ சொல்லுங்க.”

தனம்மா ஜன்னல் பக்கம் பார்த்தார். கீழே ஒரு பஸ் கிளம்பிப் போனது. அது போகட்டும் என்று அவர் காத்திருந்தார் என்று அப்புறம்தான் தெரிந்தது. பிறகு தாழ்ந்த குரலில், நிதானமாக, பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வது போல ஆரம்பித்தார். தெருத் தெருவாகக் கூவுகிற அந்தத் தொண்டைக்குள் அப்படி ஒரு அடங்கிய குரல் இருந்தது எனக்குத் தெரியாது. ‘எடுத்துக் கொடுத்தன’ என்ற இடத்தில் ஒரு நொடி நிறுத்தினார். வசனத்தில் அந்த நிறுத்தம் கிடையாது.

முடித்துவிட்டு, செருகியிருந்த தலைப்பை எடுத்துவிட்டுக்கொண்டார்.

பேனாக்காரர் மெதுவாக, “நல்லாத்தான் இருக்கு. ஆனா விதி ஒண்ணு இருக்கே. பக்கத்தைப் பார்த்துப் பிழையில்லாமப் பேசணும்னு…” என்று இழுத்தார்.

“பக்கத்தைப் பார்த்தாங்களா இல்லையா? ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாங்க, நானே பார்த்தேன்” என்றார் கோமளா அம்மா. “பிழையில்லாமப் பேசினாங்களா? பேசினாங்க. விதி தீர்ந்துபோச்சு. பேனாவைத் திறங்க.”

அட்டையில் கையெழுத்துப் போட வேண்டிய இடம் வந்தது. மை டப்பாவை யாரோ நகர்த்தினார்கள். தனம்மா அதை ஓரமாகத் தள்ளினார். “பேரு எய்தத் தெரியும்” என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, ‘தனம்’ என்ற மூன்று எழுத்தையும் கட்டத்தை மீறிப் பெரிதாக எழுதினார்.

இறங்கும்போது கோமளா அம்மா படியில் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். “என் வேஷத்தை வாங்கிக்கிட்டவங்களுக்கு நானே கார்டு கொடுத்திருக்கேன். அந்த எபிசோடு நல்லா இல்லைன்னா உன்னை விட மாட்டேன், தெரியுதா?”

வெள்ளிக்கிழமை

மறுநாள் சாந்தோம் போனேன். அம்மா பள்ளி வாசலில் காத்திருந்தார். உள்ளே தலைமை சிஸ்டர் நியமனக் கடிதத்தை டைப் அடித்தே வைத்திருந்தார்.

சீரியல் எங்களுக்குக் கிடைக்குமா என்று எனக்கு அன்று தெரியாது. கேசட் இன்னும் ஊரையே தாண்டவில்லை. என் வீட்டுக்காரர் நந்தனத்தில் ஓர் ஆபீசில் ஸ்டெனோ. காலையில் சட்டை மாட்டும்போது, “எந்த வேலைக்குப் போனா நீ வீட்டுக்கு வந்தும் அதைப் பத்தியே பேசுவியோ, அதுக்குப் போ” என்று மட்டும் சொல்லியிருந்தார்.

“இந்த மாதிரி இடம் மறுபடியும் வராது, பிலோமினா” என்றார் சிஸ்டர்.

“தெரியும் சிஸ்டர். எனக்கு வேற வேலை இருக்கு” என்றேன். சொன்ன பிறகுதான் அந்த வாக்கியத்தின் ருசி தெரிந்தது. எனக்கு வேலை இருக்கிறது. இரண்டு வருஷத்தில் அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை.

அம்மா பஸ் ஸ்டாப் வரை எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். பஸ் வந்தபோது, “பத்திரமா போ” என்றார். அது எனக்கு வலித்தது. ஆனாலும் திரும்பிப் போய் அந்தக் கடிதத்தை வாங்க வேண்டும் என்று தோன்றவில்லை.

யார் அந்த அம்மா?

அடுத்த திங்கட்கிழமை போன் வந்தது. ஸ்டூடியோவில் எல்லோரும் கூடியிருந்தோம். கோமளா அம்மாவும் வந்திருந்தார்.

“ரங்கன் சார், யார் சார் அந்த அம்மா? எந்த நாடகக் குழு?” என்றார் அதிகாரி.

ரங்கன் சார் எங்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். “ஊரூர் குப்பம் சார்.”

“அப்படி ஒரு குழுவா? கேள்விப்பட்டதில்லையே. சரி, மொத்த எபிசோடும் உங்களுக்குத்தான். அந்த அம்மாவை மட்டும் விட்டுடாதீங்கோ.”

ரங்கன் சார் போனை வைத்ததும் எழுந்த கூச்சலில் கல்யாண மண்டபத்துக் காவலாளி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். ஒரு வருஷ வேலை! பதினொரு பேர், வாரம் ஐந்து நாள், காலை ஒன்பது முதல் ஐந்து வரை. அதில் மூன்று பேர் வாழ்நாளில் முதல் தடவையாக, குரலை மட்டுமே நம்பிப் பழைய உத்தியோகத்துக்கு ராஜினாமா எழுதினார்கள். அந்த மூன்று கடிதத்தையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். கோமளா அம்மாவுக்குப் படகுக்காரியின் மாமியார் வேஷம். இருவரும் திரையில் போட்ட சண்டை அப்புறம் ஊர் முழுக்கப் பிரசித்தம்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி

முதல் பாகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒளிபரப்பானது. நான் ஊரூர் குப்பத்துக்குப் போயிருந்தேன். டிவியை வீட்டுக்குள்ளிருந்து தூக்கி வந்து சந்தில் ஸ்டூல் மேல் வைத்திருந்தார்கள். கவிழ்த்த படகு, வலை மூட்டை, சுவர் என்று எங்கும் ஆட்கள். கருவாட்டு வாசனையும் கடல் காற்றும். தனம்மா மட்டும் கூட்டத்துக்குப் பின்னால், முகத்தைத் தலைப்பால் பாதி மூடிக்கொண்டு நின்றார்.

படகுக்காரி முதல் வார்த்தை பேசியதும் எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பியது. அப்புறம் டிவிக்கு. மறுபடி பின்னால். “ஏய், நம்ம தனம்டா!” என்று யாரோ கத்தினார்கள். விசில் பறந்தது.

வெள்ளக் காட்சி வந்தது. “மாதவா…!”

விசில் நின்றுவிட்டது. அந்தச் சந்தில் கரையில் நின்று கூப்பிடாத பெண் ஒருத்திகூட இருக்க மாட்டாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்குப் பக்கத்தில் படகு விளிம்பில் உட்கார்ந்திருந்தவர் தனம்மாவின் வீட்டுக்காரர் ஏழுமலை. துடைத்துக்கொள்ளாமல் விட்ட கண்ணோடு என் பக்கம் திரும்பி, “எம் பேரத்தான் டீச்சரம்மா அது அப்டிக் கூப்ட்டுச்சாம். நான் அன்னிக்கி அத்தக் கேக்கல. இன்னிக்கித்தான் கேக்குறேன்” என்றார்.

சாயங்காலம் அம்மாவிடமிருந்து போன். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவராகப் பேசியது அன்றுதான். “மூணாவது சீன்ல ‘ஒரு ஆறு’ன்னு வருது. ‘ஓர் ஆறு’ன்னு வரணும். தமிழ் படிச்சவ எழுதற லட்சணமா இது?” என்றார். பிறகு குரலைத் தணித்து, “அடுத்தது என்னிக்கு, எத்தனை மணிக்கு?” என்று கேட்டார்.

ஒரு வருஷம் என்று நினைத்த சீரியல் இரண்டு வருஷத்தைத் தாண்டி ஓடியது. தனம்மாவுக்குப் படகுக்காரி மட்டும் போதவில்லை. டாக்டர், மந்திரி மனைவி, பேய், ஆசிரமத்துத் தாயார் என்று வரிசையாக வந்தது. வசனத்தைக் காதால் கேட்டு ஒரே டேக்கில் முடிக்கிறவர் என்று தி. நகரில் பெயர் பரவியது. வேலை இல்லாத நாட்களில் மட்டும் கூடையோடு எங்கள் தெருவுக்கு வருவார். அந்த நாட்கள் குறைந்துகொண்டே வந்தன.

ஒரு நாள் காலை எதிர்வீட்டு அம்மாள் தட்டோடு கேட்டில் நின்றுகொண்டிருந்தார். தெருக் கோடியிலிருந்து தனம்மா வேகமாக நடந்து வந்தார். தலையில் கூடை இல்லை. துவண்டுபோன பழைய வாயில் சேலை, தோளில் டிபன் பாக்ஸ் போட்ட பை.

“என்ன தனம், இன்னிக்கு என்ன மீன்?”

நடையை நிறுத்தாமலே, அந்தத் தெரு முழுவதற்கும் கேட்கிற மாதிரி தனம்மா பதில் சொன்னார்.

“இன்னிக்கி மீனு இல்லம்மா. கோர்ட்டு கீது. நாந்தான் ஜட்ஜி!”